டிஸ்க் மாற்றுமுன் அளவைக் கேளுங்கள்

மேட்டுப்பாளையத்தில் கார் உதிரிபாகக் கடை நடத்துகிறவள் நான். பிரேக் டிஸ்க் ஒரு ஜோடி விற்றால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன், தடிமனை அளந்து காட்டாமல் ‘டிஸ்க் போச்சு, மாத்திடுங்க’ என்கிற மெக்கானிக்குக் காசை எடுத்து நீட்டாதீர்கள். அளக்காமலே ‘இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்கிறவரையும் நம்பாதீர்கள்.

கடைக்கு வருகிறவர்கள் அளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எவ்வளவு தள்ளுபடி, துரு பிடிக்குமா. இளவட்டங்கள் வந்தால் இந்தக் கேள்வி கட்டாயம்: “அக்கா, ஓட்டை போட்ட டிஸ்க் இருக்குதுங்களா?” அலாய் வீல் வழியாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பந்தயக் கார்களில் அந்த ஓட்டைகளுக்கு வேலை இருந்தது. அந்தக் காலத்துப் பேடுகள் சூடேறினால் வாயு கக்கும், அது வெளியேற வழி வேண்டும். இப்போதைய பேடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஓட்டை போட்ட அளவுக்கு இரும்பு குறைவதுதான் மிச்சம். திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது விரிசல் கிளம்புவதும் ஓட்டையின் ஓரத்தில்தான். வீட்டுக் காருக்கு, அதுவும் மலை ஏறி இறங்கும் காருக்கு, சாதா டிஸ்க்கே போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. கோயம்புத்தூர் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களோடு 1,400 கிலோ வரும் கார் ஒன்று மேலிருந்து இங்கே இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, கணக்குப் போட்டால், எண்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிறையப் பங்கை இரண்டாவது கியரில் எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் சூட்டில் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகளின் தலையில்தான் விழும். சீசனில் பர்லியாறு பக்கம் போனால், சக்கரத்தில் புகை வர நிற்கும் கார்களைப் பார்க்கலாம். சிலர் அதில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் பாருங்கள், அதைவிடக் கெடுதல் வேறில்லை. காய்ந்த வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடும்.

சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது இரும்பு என்பதால்தான் டிஸ்க்கின் எடையைப் பார்க்கச் சொல்கிறேன். விலை குறைந்ததையும் கார் கம்பெனி கொடுத்ததையும் என் தராசில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவேன். விட்டம் ஒன்றே, ஆனால் சிலது கையில் எடுக்கும்போதே லேசாகத் தெரியும். இரண்டு தட்டுக்கும் நடுவே காற்றுப் போகிற இடுக்கை உற்றுப் பார்த்தால் காரணம் புரியும்: உள்ளே தடுப்புகள் குறைவாக இருக்கும், அல்லது தட்டே மெல்லிசாக இருக்கும். இதற்காக வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. 1962-ல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி நம் சோளிங்கரில்தான் இருக்கிறது.

அளவுக்கு வருகிறேன். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் குமிழிலோ, இதற்குக் கீழே தேயக்கூடாது என்கிற தடிமனை மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். சிறிய கார்களில் புது டிஸ்க்குக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான். கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை. வெர்னியரும் ஏமாற்றும். பேடு உரசாத வெளி ஓரம் தேயாமல் கரை கட்டி நிற்கும். வெர்னியரின் தாடை அந்தக் கரையில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைப் புதுசு என்று காட்டும். அதனால் மைக்ரோமீட்டர் வேண்டும். அது கையில் இல்லையா, ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களைக் கரைக்கு உள்ளே இருபுறமும் வைத்து வெர்னியரால் பிடியுங்கள். பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். சுற்றிவர நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று வருகிறவர்கள் அதிகம். வளைவது அபூர்வம். டிஸ்க் ஒரு இடத்தில் கனமாகவும் இன்னொரு இடத்தில் மெல்லிசாகவும் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். இதற்கு மூலம் பல நேரம் ஹப்பின் மேல் இருக்கும் துரு. அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் மயிரிழை சாய்ந்து உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பிவிடும். பழி முதலில் டிஸ்க் கம்பெனிக்கு, அப்புறம் எனக்கு. “அக்கா, நீங்க குடுத்த டிஸ்க்கு சரியில்லீங்க” என்று வரும் பையனிடம், “ஹப்புக்கு உப்புத்தாள் போட்டியா?” என்றுதான் முதலில் கேட்பேன். வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கினானா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதில்லை.

லேத்தில் ஒரு கட் எடுப்பது தப்பில்லை, எடுத்த பிறகும் தடிமன் எல்லைக்கு மேலே நின்றால். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து, பேடும் புதுசு. பிரேக் ஆயிலையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை இழுத்தபின் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால், எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டிருந்தாலும் பெடல் தரை தட்டும்.

டாக்சிக்காரர் எஃப்.சி.க்குப் போயாக வேண்டும். சொந்தக் காருக்கோ ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதுவரை டிஸ்க் என்ன தடிமனில் இருக்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. கையில் கிடைக்கிற ஒரே காகிதம் சர்வீஸ் பில். அதில் வாட்டர் வாஷ், ஏ.சி. கிளீனிங், டேஷ்போர்டு பாலிஷ் வரை வரிவரியாக இருக்கும், டிஸ்க் தடிமன் இருக்காது. ஒரு மைக்ரோமீட்டர் ஒரு ஜோடி டிஸ்க்கின் விலைகூட இல்லை. அளந்த எண்ணை ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் எழுத வேண்டும் என்று போக்குவரத்துத் துறை உத்தரவு போடலாம். எவ்வளவு தேய்ந்தது என்று வண்டிக்காரரே பழைய பில்லோடு கழித்துப் பார்த்துக்கொள்வார். உத்தரவு வரும்வரை நீங்களே கேளுங்கள்: இடது எத்தனை, வலது எத்தனை? இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், டிஸ்க் வாங்க வருமுன் காலிப்பர் பின் இறுகிக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் என்னிடம் ஜோடி வாங்கிப் போனால், புதுசும் அதே பக்கம்தான் தேயும்.