உண்டால் பயன்தரும் மரபு

நல்லுணவு மரபு, நாள்தோறும் பின்பற்றப்படும்போதே பயன் தரும். 1958இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆய்வில், கிரேக்கத்தின் கிரீட் தீவினரிடையே இதயநோய் மிகக் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் ஆலிவ் எண்ணெய், காய்கனி, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றை மிகுதியாகவும் இறைச்சியை அரிதாகவும் உண்டனர். வயலில் கடுமையாக உழைத்தனர். மத்தியதரைக்கடல் நாடுகளின் இவ்வுணவு முறையை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஆயினும், குழந்தைகளிடையே உடற்பருமன் மிகுந்த ஐரோப்பிய நாடுகளுள் இன்று கிரேக்கமும் இத்தாலியும் உள்ளன. முன்னோர் உணவினின்று இளந்தலைமுறை விலகியது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். எனவே, இம்முறையை ஏற்க விழைவோர் ஆலிவ் எண்ணெயை மட்டும் வாங்குவதால் பயனில்லை. காய்கனியைக் கூட்டி, இறைச்சியையும் இனிப்பையும் குறைத்து, உடலுழைப்பையும் மேற்கொள்ளுதல் வேண்டும்.