கட்டிப்போட்டால் அடங்கிவிடுவானா?

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனம் கலங்கியவரைக் கட்டிப்போடுவது நம்மை உறுத்துவதில்லை. “அவன் நல்லதுக்குத்தானே” என்கிறோம். மருத்துவமனையிலும் அதே பேச்சுதான்; அங்கே சங்கிலிக்குப் பதில் பேண்டேஜ் சுருள்.

ஒரகடம் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு அதைப் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. அறைத் தோழர்கள் துண்டால் கையைக் கட்டி ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்கள். குடியை நிறுத்தி மூன்றாம் நாள். கை நடுக்கம், சுவரில் பூச்சி ஊர்கிறதென்ற பயம். இதற்கு மருந்து இருக்கிறது: நடுக்கத்தை அடக்கும் ஊசி, தயமின், நீர்ச்சத்து. கட்டு அதில் சேராது. கட்டப்பட்டவன் திமிறத் திமிற உடம்பு சூடேறும், தசை சிதையும். மல்லாக்கக் கிடந்து வாந்தியெடுத்தால் மூச்சே அடைக்கலாம். அவனையோ கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கத்தினான். “பாருங்க, அவுத்துவிட்டா என்ன ஆகும்?” என்றார் வார்டு உதவியாளர்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர் போனது. அந்தச் சங்கிலியும் ‘நல்லதுக்கு’ப் பூட்டியதுதான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மற்றக் கட்டுகளுக்கும் கடிவாளம் உண்டு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டலாம்; குறிப்பேட்டில் காரணம் எழுதியாக வேண்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காட்டியோ கட்டக் கூடாது. கடைசி வரிதான் நம் வார்டுகளைச் சுடுகிறது. இரவில் வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் என்றால் அவருக்கும் பயம் இருக்கும். அடி வாங்கிய செவிலியர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம், நோயாளியின் மணிக்கட்டு அல்ல.

ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தை நிறுத்தச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஏன் நின்றதென்று பார்க்கிறார்கள். அன்றிரவு மனிதனைக் கட்டியவர்களோ தேநீர் குடிக்கப் போனார்கள்.

கேண்டீனில் வேலை செய்த ஒடியா இளைஞன்தான் அந்தத் தொழிலாளியின் அருகில் போய்க் கேட்டான். “ஒண்ணுக்குப் போகணுமாம் சார், ரொம்ப நேரமா சொல்றாராம்.” அவிழ்த்தார்கள். போய்விட்டு வந்து படுத்து, ஊசிக்குத் தானே கையை நீட்டினான்.