எஃபர்ட்: 'எடுக்கணுமா', 'போடணுமா'?

"யப்பா, என்னா எஃபர்ட்டு!"

சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் குகையில் மூச்சு வாங்க நின்ற ஒரு கல்லூரி மாணவர் சொன்னது இது. பாறையில் வெட்டிய படிகளைத் தாண்டி வந்தவர், வரிசையாக இருந்த 17 கற்படுக்கைகளைப் பார்த்ததும் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு இந்த வார வார்த்தை சிக்கிவிட்டது.

இந்த வார்த்தையோடு எனக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. டிப்ளமோ முடித்த கையோடு எழுதிய முதல் வேலை விண்ணப்பத்தில், 'ஐ வில் டேக் எஃபர்ட்ஸ்' என்று போட்டிருந்தேன். நேர்காணலில் அந்த 'டேக்' மேல் சிவப்பு வட்டம். வேலை கிடைக்கவில்லை. வட்டம் மட்டும் மறக்கவில்லை.

தப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழில் நாம் முயற்சி 'எடுக்கிறோம்'. அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் 'டேக்'. ஆனால், ஆங்கிலத்தில் 'மேக் அன் எஃபர்ட்' அல்லது 'புட் இன் எஃபர்ட்' என்பதுதான் வழக்கு. அப்படிப் பார்த்தால், நம்ம பசங்க சொல்கிற 'எஃபர்ட் போடு மச்சி' எவ்வளவோ சரி! பலர் சேர்ந்து செய்யும் வேலை என்றால் பன்மை வரும்: மீட்புப் பணிக்கு 'ரெஸ்க்யூ எஃபர்ட்ஸ்'. 'எஃபர்ட்லெஸ்' என்று ஒருவரைப் பாராட்டினால், அவர் உழைக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. உழைத்தது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

லத்தீனில் 'ஃபோர்டிஸ்' என்றால் வலிமை. அது பிரெஞ்சு வழியாக வந்து 'எஃபர்ட்' ஆனது. 'கம்ஃபர்ட்'டும் அதே குடும்பம்தான். அந்தக் கற்படுக்கைகளில் தலைமாட்டில் தலையணை மாதிரி கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். அக்கா, தங்கை இரண்டு பேருமே அங்கே இருக்கிறார்கள்!

ஆங்கிலத்திலும் 'டேக்' போடக்கூடிய ஓர் இடம் உண்டு: 'டேக் பெயின்ஸ்'. நம்ம 'சிரமம் எடுத்து' மாதிரியே. இப்போது 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பள்ளம் தோண்டிய தெருவில் போர்டு வைக்கும் அளவுக்கு அந்தச் சொல் சுருங்கிவிட்டது. அதன் வடமொழி வேருக்கு, உடலை வருத்தி உழைப்பது என்று பொருள். அதிலிருந்து பிறந்தது 'சிரமண', பிராகிருதத்தில் 'சமண', தமிழில் சமணர். பெயரே 'எஃபர்ட் போடுகிறவர்' என்பதுதான். குகையில் படுத்திருந்தவர்கள் அவர்களே.

ஒரு படுக்கையில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. யாருக்காகச் செய்தது என்பதோடு, யார் செய்தது என்பதையும் அது சொல்கிறது. படுத்தவருக்கு மட்டுமல்ல, உளி பிடிக்க வைத்தவருக்கும் அங்கே ஒரு வரியில் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

உங்க ரெஸ்யூமில் 'டேக் எஃபர்ட்ஸ்' இருக்கிறதா? இன்றைக்கே மாற்றிடுங்க. மலைக்குப் போனால் காலையிலேயே ஏறுங்க, மதியம் பாறை சுடும்!