பத்து சதவீத நேர்மை

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் இரண்டாம் அத்தியாயத்தை நான் எழுதவில்லை. ஒரு சீனியரின் ரிப்போர்ட்டிலிருந்து சுட்டேன். வழிகாட்டி ஆசிரியர் புரட்டிப் பார்த்தார். "கொஞ்சம் வார்த்தைய மாத்திக் கொண்டாப்பா" என்றார். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை. 'யூஸ்டு' என்றிருந்த இடமெல்லாம் 'யுடிலைஸ்டு' என்று மாற்றினேன். கையெழுத்து கிடைத்தது.

திருடியதைவிட, தடயத்தை அழித்ததுதான் பெரிய குற்றம். அதைத்தான் கல்லூரி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

2018-இல் யுஜிசி கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் நடைமுறையில் மிஞ்சியது ஒரே கேள்வி: "எத்தன பர்சன்ட் வந்துச்சு?" மென்பொருள் சொற்களை ஒப்பிடும். சிந்தனை யாருடையது என்று அதற்குத் தெரியாது. சொல்லை மாற்றிக் கருத்தை அப்படியே தூக்கியவன் தப்பித்துவிடுகிறான். இன்று அந்த மாற்றும் வேலையையும் ஏஐ நொடியில் செய்து தருகிறது.

"எல்லா அறிவும் முன்னாடி இருந்தவங்க கொடுத்ததுதானே, இதுல என்ன திருட்டு?" என்பார்கள். சரி, முன்னால் இருந்தவர்களையே பார்ப்போம். 'என்ப', 'என்மனார் புலவர்' என்று தனக்கு முந்தியவர்களைச் சுட்டிக்கொண்டே போகிறது தொல்காப்பியம். முதல்நூலைச் சார்ந்து எழுதுவது இழுக்கில்லை. அதற்கு வழிநூல் என்று கௌரவமான பெயரே உண்டு. உ.வே.சா. தன் பதிப்புகளின் முன்னுரையில், ஏட்டுச்சுவடி தந்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வாங்கியதைச் சொன்னதால் அவர் குறைந்துபோகவில்லை. அடுத்து வருபவர் சரிபார்க்க வழி கிடைத்தது.

என் தொழிலிலும் இதே கதைதான். எம்ஐடி உரிமத்தில் வரும் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். காப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக்கூடாது. இவ்வளவு தாராளமாகக் கொடுப்பவர்கள் கேட்பது பெயர் ஒன்றைத்தான்.

ஆசிரியர்களே, சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வைவாவில் ஏதாவது ஒரு பத்தியைக் காட்டி, "இத நீ எங்க படிச்ச? அதுல நீ எதை ஒத்துக்கல?" என்று கேளுங்கள். இரண்டே கேள்விகள். அன்று என்னிடம் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

அந்த சீனியரின் பெயர் என் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. நன்றியுரையில்கூட இல்லை.