பல்கலைக் கழகத்தின் சாதனை எது?

தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் நாளிதழைப் பிரித்தால் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. இத்தனை மாணவர்களுக்கு வேலை கிடைத்தது, தரவரிசையில் இத்தனையாவது இடம், விரைவில் இன்னின்ன கட்டடங்கள் எழும்பும் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நீங்கள் இவற்றை ஆவலுடன் படிப்பீர்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக் கழகத்தை அளக்க இந்த அளவுகோல் போதாது என்பது என் எண்ணம். சென்னைப் பல்கலைக் கழகத்தையே எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். 1857-இல் தோன்றிய அதற்குப் பெருமைப் பட்டியல் நீளமானது. அதிலிருந்து இரண்டு செய்திகள் நமக்குப் போதும்.

முதலாவது, ஒரு 75 ரூபாய்க் கணக்கு. கணித மேதை இராமானுஜன் கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களில் தவறிப் பட்டம் பெறாமலே நின்றவர் என்பதை அறிவீர்கள். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். நடுவே ஏறத்தாழ ஓராண்டு இருக்கிறதே, அப்போது அவர் எப்படி வாழ்ந்தார்? 1913 மே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக் கழகம் முடிவு செய்தது. மேற்பட்டம் பெற்றவர்களுக்கு உரிய தொகை அது. தேர்வில் தேறாத ஒருவருக்கு எப்படித் தருவது என்ற தடை எழாமல் இல்லை. ஆயினும் தந்தார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட கடமை. மறு ஆண்டு அவர் கப்பல் ஏறியபோது, ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் இதே பல்கலைக் கழகம்தான் அளித்தது.

ஹார்டி பாராட்டிய பிறகுதானே இந்தத் துணிவு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்மைதான். அதனால்தான் இரண்டாவது செய்தியைப் பெரிதாக மதிக்கிறேன்.

1952-இல் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். அவர் மருத்துவர். கிண்டியில் இயற்பியல் துறையைத் தொடங்க எண்ணிப் பேராசிரியர் பதவிக்கு சர் சி. வி. இராமனை அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர்தான் ஜி. என். இராமச்சந்திரன், வயது முப்பது. அந்த இளைஞரை நம்பித் துறையை ஒப்படைத்து, எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் அமைக்கவும் துணைவேந்தர் ஆதரவு தந்தார்.

இராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் இது. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் கயிறுபோல் சேர்ந்ததே கொலாஜன் என்றார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருவதற்கும் காரணம் புரிந்தது. கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை!

இதற்கு எதிர்ப்பும் வந்தது. டி. என். ஏ. புகழ் கிரிக்கும் அவருடன் சேர்ந்த ரிச்சும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இராமச்சந்திரன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இரு மாணவர்கள் அவருடன் உழைத்தார்கள்.

அவர்கள் செய்ததை நீங்கள் வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். இரண்டு சீட்டு அட்டைகளை மூலையோடு மூலையாக வைத்து நூலால் முடிச்சிடுங்கள். ஒவ்வோர் அட்டையும் புரத இழையின் ஒரு தட்டையான பகுதி. முடிச்சு ஒரு கரியணு. இரண்டு அட்டைகளையும் தனித்தனியே சுழற்றலாம். ஆகவே இழையின் வளைவைச் சொல்ல இரண்டு கோணங்கள் போதும். சில நிலைகளில் அட்டைகள் ஒன்றோடொன்று மோதும். அவை இயற்கையில் நடவாதவை. ஒரு கோணத்தைக் குறுக்கிலும் மற்றதை நெடுக்கிலும் வைத்து வரைபடத் தாளில் குறித்தால், தாளின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகிவிடுகிறது. எஞ்சுபவை சில தீவுகளே. புரதங்களில் காணப்படும் சுருள்களும் மடிப்புகளும் இந்தத் தீவுகளில்தான் அமைகின்றன. கணிப்பொறி எளிதில் கிட்டாத அந்நாளில் கணக்கிட்டு, 1963-இல் இதை வெளியிட்டார்கள். உலகம் இதை 'இராமச்சந்திரன் படம்' என்கிறது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பகுதி, புரதத்தின் வடிவைக் கணிப்பொறியால் முன்னறியும் முறைக்குக் கிடைத்தது. அத்தகைய முறையில் வந்த வடிவானாலும், ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த வடிவானாலும், சரிதானா என்று பார்க்க இன்றும் இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

என் கணக்கில் மாணவர் வெற்றி என்பது அந்த இரு மாணவர்களின் வெற்றிதான். 1952-இல் இது கிடைக்கும் என்று எவரும் எழுதித் தந்திருக்க முடியாது.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. இலட்சுமணசாமி முதலியாரின் நீண்ட பதவிக்காலம் 1969-இல் முடிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இராமச்சந்திரன் பெங்களூர் சென்றுவிட்டார். நல்லவர் ஒருவருடைய மனத்தை மட்டும் நம்பிய ஆதரவு அவரோடு போய்விடும். அதை நிறுவனத்தின் விதிகளிலும் வரவு செலவுத் திட்டத்திலும் எழுதி வைத்தால்தான் நிற்கும்.

இப்போதைய நிலை அதற்கு வாய்ப்பானதல்ல. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை இப்பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அரசு மானியம் செலவில் பாதிக்கும் குறைவு என்பது துறை சொன்ன வாதங்களுள் ஒன்று. இத்தகைய நெருக்கடியில் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. பலன் தெரியாத ஆராய்ச்சிக்கான பணத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். அரசு இதை உணர்ந்து மானியத்தை உயர்த்த வேண்டும். பல்கலைக் கழகமும் தன் எதிர்காலத் திட்டத்தில் கட்டடங்களுக்கு முன்பாக, முப்பது வயது ஆசிரியர்களுக்கும் விதிக்குள் அடங்காத மாணவர்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். பெரிய தொகைகூட வேண்டாம்.

இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் விண்ணப்பப் படிவத்துடன் ஏதேனும் ஒரு பல்கலைக் கழகத்தின் வாயிலில் நிற்பீர்கள். வேலை கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே, மாணவர் ஒருவர் தம் சொந்தக் கேள்வியை ஆராய இங்கே இந்த ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.