மழையில் மிஸ்ஸிங் அடிக்கும் காருக்கு மழையை வைத்துத்தான் சோதனை



ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், மழை பெய்ஞ்சா மட்டும் கார் மிஸ்ஸிங் அடிக்குது. வெயில் வந்தா தானா சரியாயிடுது. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, இப்ப பெட்ரோல் பம்ப் மாத்தணுங்கிறாங்க. மாத்தலாமா சார்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் படிக்கலாம், இதில் பரீட்சை கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகத்தை மாற்றுவது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்வதால்தான் மாதச் சம்பளக்காரர்களின் பணம் மழையோடு மழையாகப் போகிறது. இதற்குப் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பாதிப் பொறுப்பு நம்முடையது. அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை, இயற்பியல் வாத்தியார். ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மின்மாற்றி ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் காரில் இருக்கும் இக்னிஷன் காயில் அதேதான். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, பிளக் முனைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் வரை உயர்த்தித் தருகிறது. பிளக் முனையில் உள்ள இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தப்பட்ட காற்று. அழுத்தம் கூடக் கூட, பொறி பாய்வதற்கு வேண்டிய வோல்ட்டும் கூடும்.

ஒரு சிக்னலில் நிற்கும்போது ஒழுங்காக ஓடும் இன்ஜின், மேம்பாலம் ஏறும்போது மட்டும் ஜெர்க் அடிப்பது ஏன் என்று இப்போது புரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் போகிறது, அழுத்தம் கூடுகிறது, அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் மின்சாரத்துக்கு வெளியில் ஒரு சுலபமான குறுக்கு வழி கிடைத்தால் அது பிளக் முனைக்குப் போகாது, குறுக்கு வழியிலேயே ஓடிவிடும். சிலிண்டரில் பெட்ரோல் எரியாது. அதுதான் மிஸ்ஸிங்.

அந்தக் குறுக்கு வழியைத்தான் மழை போட்டுக் கொடுக்கிறது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் பானெட்டுக்குள் படிந்திருக்கும் தூசி, உப்பு, அழுக்கு எல்லாம் ஈரத்தில் கரைந்தால் நன்றாகக் கடத்தும். ஒயரிலோ ரப்பர் உறையிலோ மயிரிழை விரிசல் இருந்தால் வெயிலில் அது தெரியாது. ஈரம் பட்டதும் அதன் வழியே பொறி வெளியே தாவும். இன்னொன்று, பொறி ஊர்ந்து போன தடத்தில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இன்று மழையில் மட்டும் வருகிற மிஸ்ஸிங், விட்டுவைத்தால் நாளை வெயிலிலும் வரும். அதனால்தான் "மழை விட்டா சரியாயிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது.

இது புதிய தொல்லை அல்ல. 1959-ல் இங்கிலாந்தில் மினி கார் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்காக வைத்த அற்புதமான வடிவமைப்பு. ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டது. மழையில் ஓட்டினால் தண்ணீர் நேரே அதன்மேல் அடித்து வண்டி நின்றுவிடும். காரை வைத்திருந்தவர்கள் அதற்கு ரப்பர் கையுறையை மாட்டிவிட்டுச் சமாளித்தார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காரில் எத்தனை புதிய பிளக் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்தான் வண்டியை ஓட வைத்தார்.

என் தங்கை மகள் வீட்டில் போன வருடம் நடந்ததும் இதே கதைதான். மழை நாளில் கார் திணறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். அடுத்த மழையில் மறுபடி திணறியது. காயில் நான்கையும் மாற்றினார்கள். அடுத்த மழையிலும் திணறியது. இரண்டு தடவையும் வண்டியைப் பரிசோதித்தது மழை இல்லாத நாளில், கூரைக்குக் கீழே. பிறகு வேறு ஒரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் பாகம் எதையும் தொடவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். வேப்பிலைச் சருகு அடைத்து வடிகால் துளை மூடியிருந்தது. தேங்கிய தண்ணீர் ஓரத்து ரப்பர் வழியே சொட்டி, ஒரு சிலிண்டரின் பிளக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சருகை அள்ளிப் போட்டு, ரப்பரைச் சரிசெய்து, குழியைத் துடைத்து உலர்த்தினார். அவ்வளவுதான். புதிதாகப் போட்ட காயில் நான்கும் தேவையே இல்லாத செலவு.

அந்தப் பெரியவர் செய்ததுதான் சோதனை. நாம் ஆய்வகத்தில் செய்ததும் அதுதானே? கோளாறு எந்தச் சூழ்நிலையில் வருகிறதோ அந்தச் சூழ்நிலையை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டிக்கு இதை எப்படிச் செய்யச் சொல்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மழை பெய்யும்போதா, ராத்திரி பெய்து காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா, தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகா, வாட்டர் வாஷ் செய்த மறுநாளா? நான்குக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். பிரஷர் தண்ணீரால் இன்ஜினைக் கழுவுவது பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் பிளக் குழிக்குள் தண்ணீரை அனுப்ப அதைவிடச் சிறந்த வழி இல்லை. என் வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, ஸ்கேனர். இன்றைய பெட்ரோல் கார்களில் எந்த சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்பதைக் கம்ப்யூட்டரே குறித்து வைக்கிறது. பி 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது. 0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, மாறி மாறி வருகிறது. கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பும் அதோடு இருக்கும். இதையெல்லாம் எழுதிக்கொள்ளாமல் முதல் வேலையாக அழித்துவிட்டால், தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது போலத்தான். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் அழிந்துவிடும்.

மூன்றாவது, இடம் மாற்றிப் பார்ப்பது. முதல் சிலிண்டரில் கோளாறு என்றால் அதன் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதின் காயிலை முதலாவதிலும் போடுங்கள். கோடு 0303 என்று மாறினால் குற்றவாளி காயில். 0301 என்றே நின்றால் காயில் நிரபராதி, பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். செலவு? பத்து நிமிடம்.

நான்காவது, தண்ணீர் தெளிப்பது. இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் ஒயர், காயில், ரப்பர் உறை என்று ஒவ்வொரு இடமாகப் பனி போல லேசாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், அல்லது டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அல்லது இன்ஜின் திணறும். இதைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துத்தான் செய்ய வேண்டும். சூடான புகைக்குழாயிலோ ஆல்டர்னேட்டரிலோ தண்ணீர் படக் கூடாது. ஓடும் இன்ஜினில் கை வைக்கவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம். ஹைப்ரிட் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரேயை அடித்தால் உடனே சரியாகிவிடுகிறதே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அது சொல்வது காரணம் ஈரம்தான் என்பதை மட்டும். விரிசல் விரிசலாகத்தான் இருக்கும்.

மழையில் வருவதெல்லாம் பொறிக் கோளாறும் அல்ல. பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கி, வெயில் வந்தும் நிற்காவிட்டால் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அங்கிருந்துதான். மழைக்கு ஒதுங்கும் எலிகள் பானெட்டுக்குள் ஒயரைக் கடித்து வைப்பதும் உண்டு. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஆகவே அதற்கு இந்தப் பாடம் பொருந்தாது.

உயிருக்கும் பெரிய செலவுக்கும் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் விரைவில் காட்டுங்கள். மின்னி மின்னி எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் உள்ள பாகம் அது, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இரண்டாவது, தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் அது மிஸ்ஸிங் என்று நினைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். வழக்கமான காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் அடங்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். 2015-ஐப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

இனி, நம் பங்குக்கு வருகிறேன். ஒரு மெக்கானிக் ஒன்றரை மணி நேரம் குனிந்து நின்று யோசித்து, அடைத்த சருகை எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால், "சருகை எடுக்க ஐந்நூறா?" என்று சண்டை போடுகிறோம். அதே ஆள் எட்டாயிரம் ரூபாய்க்குக் காயில் மாற்றி, அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் ஜீபேயில் அனுப்புகிறோம். யோசனைக்குக் கூலி இல்லை, பாகத்துக்கு மட்டும்தான் கூலி என்று நாம் சொல்லிவிட்ட பிறகு, அவர் ஏன் யோசிக்க வேண்டும்? பாகத்தை மாற்றுவதுதானே அவருக்குப் பிழைப்பு?

ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போது இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, முதல்ல என்னன்னு கண்டுபிடிங்க. அதுக்கான கூலியைத் தனியா தர்றேன். எதை மாத்தினாலும் ஏன் மாத்தறீங்கன்னு காட்டிட்டு மாத்துங்க. பழைய சாமானை என்கிட்ட கொடுத்துடுங்க." மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு சோதனை முடிவுதான்.

என் மாணவர்களில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்டுபிடிப்பதற்கு ஒரு கட்டணம் என்று சுவரில் எழுதிப் போடுங்கள் தம்பிகளா. டாக்டர் மருந்து எழுதாவிட்டாலும் ஃபீஸ் வாங்குகிறார். உங்கள் அறிவு அதைவிட மட்டம் இல்லை.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைப்பர் பள்ளத்தில் உள்ள சருகை எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. மழையில் பத்திரமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்