வட்டிக்குப் பதில் பாடம்

"தம்பி படிக்கட்டும், உனக்கெதுக்கு?" என்று பத்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். இருந்த பணம் ஒருத்தர் படிப்புக்குத்தான் காணும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதானாம், சகோதரிகளே! பிரிட்டனைச் சேர்ந்த ஆன் காட்டன் என்ற அம்மாள் 1991-ல் ஜிம்பாப்வே கிராமங்களுக்குப் போய், பெண் குழந்தைகள் ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று விசாரித்தார். பெற்றவர்களுக்கு மனசில்லாமல் இல்லை, பணம்தான் இல்லை. நாளைக்கு வேலை கிடைக்கும் என்று பையனை மட்டும் அனுப்பினார்கள்.

ஊர் திரும்பிய அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் கேக் செய்து, சந்தையில் விற்றுப் பணம் சேர்த்தார்! 1993-ல் 'காம்ஃபெட்' அமைப்பைத் தொடங்கி, முதலில் 32 பெண்களைப் படிக்க வைத்தார். பிறகு அது ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி என்று பரவியது.

பள்ளிச் சம்பளம் கட்டினால் மட்டும் போதுமா? யூனிஃபார்ம், செருப்பு, நோட்டு, ஏன், மாதவிலக்கு நாப்கின் வரை கொடுக்கிறார்கள். அது இல்லாமல் வீட்டிலேயே முடங்கும் கஷ்டம் நமக்குத் தெரியாதா என்ன!

படித்து வந்த பெண்கள் 1998-ல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களில் ஊர்ப் பள்ளியில் சின்னப் பெண்களுக்கு வழிகாட்டுகிறவர்களுக்கு, சிறுதொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. அந்தச் சேவைதான் வட்டி!

இதைப் படித்ததும் என் பெண்ணைக் கூப்பிட்டேன். "காலேஜ் ஃபீஸ் நான் கட்டறேன். வட்டியை நீ கட்டு. பக்கத்து வீட்டுச் சின்னவளுக்குத் தினம் அரைமணி கணக்கு சொல்லிக் கொடு" என்றேன்.

நேற்றிலிருந்து வட்டி ஒழுங்காக வருகிறது.